பொட்டு சிரிக்கும் பக்கம்

மாடி வீட்டு வேணி அக்கா ஒரு புத்தகத்தை முடித்தால், அதை முதலில் படிப்பது செல்விதான்.

வேணி அக்காவின் முழுப்பெயர் ஹம்சவேணி. சிறுவர்களுக்கான படக்கதைகளை எழுதுவார். படங்களையும் அவரே வரைவார். திருநகரில் செல்வியின் வீட்டு மாடிக்கு அவர் குடிவந்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. செல்வி என்கிற தமிழ்ச்செல்வி அப்போது மூன்றாம் வகுப்பு. இப்போது ஐந்தாம் வகுப்பு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் செல்வி பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் அக்காவின் தலை தெரிந்தது.

"செல்வி, முடிஞ்சிருச்சு! வாரியா?"

"வாரேன்க்கா!"

ஒரு கால் செருப்போடு பாதிப் படி ஏறிய பிறகுதான் செல்விக்கு அது தெரிந்தது. திரும்ப இறங்கி அதையும் கழற்றிவிட்டு ஓடினாள்.

அக்காவின் அறையில் எப்போதும் இரண்டு வாசனைகள் இருக்கும். ஒன்று புதுக் காகிதத்தின் வாசனை. இன்னொன்று தைலத்தின் வாசனை. நாள் முழுவதும் குனிந்து வரைவதால் அக்காவுக்குக் கழுத்து வலிக்கும். மேசையில் தண்ணீர்க் குவளையில் தூரிகைகள் நின்றன. அதன் பக்கத்தில் ஒரு சிறிய கண்ணாடி சாய்ந்திருந்தது. சுவரில் ஒரு நூல் கட்டி, அதில் படங்களைத் துணி காயப்போடுவது போல வரிசையாக மாட்டியிருந்தார்.

"இந்தா, பிடி."

அது மாதிரிப் புத்தகம். தாள்களை மடித்து, நடுவில் நூலால் தைத்தது. அச்சுக்கு அனுப்பும் முன் அக்கா இப்படி ஒன்றைத் தன் கையாலேயே செய்துவிடுவார். பக்கத்தைப் புரட்டும்போது கதை எப்படி வருகிறது என்று பார்ப்பதற்காக.

கதையின் பெயர் 'பொட்டு, கொஞ்சம் சிரி!'.

பொட்டு ஒரு கறுப்புக் கிடா. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. ஒரு காதுகுத்து வீட்டில் எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுக்க நிற்கிறார்கள். பொட்டும் முன்வரிசையில் வந்து நிற்கிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள். பொட்டு மட்டும் சிரிக்கவில்லை. போட்டோக்காரர் குட்டிக்கரணம் போடுகிறார். மாமாக்கள் ஆட்டம் ஆடுகிறார்கள். பந்தியில் பரிமாறுபவர் சாம்பார் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறார். பொட்டு அசையவில்லை. போட்டோக்காரர் அழும் நிலைக்கு வந்துவிடுகிறார்.

செல்வி சிரித்துக்கொண்டே கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள்.

இரண்டு பக்கத்தையும் நிறைத்துக்கொண்டு பொட்டுவின் முகம். வாய் நிறையச் சிரிப்பு. மேலே ஒரு வரிசை வெள்ளைப் பல். கீழே ஒரு வரிசை வெள்ளைப் பல்.

செல்வியின் சிரிப்பு நின்றது.

விடுமுறைக்கு அவள் சமயநல்லூரில் இருக்கும் காளை மாமா வீட்டுக்குப் போவாள். மாமாவிடம் பதினேழு ஆடுகள் இருந்தன. அவர் ஆடுகளின் வாயில் பூச்சி மருந்து ஊற்றும்போது தலையைப் பிடித்துக்கொள்வது செல்விதான். அவள் எத்தனையோ ஆட்டின் வாய்க்குள் பார்த்திருக்கிறாள்.

ஆட்டுக்கு முன்பக்கம் மேல்பல் கிடையாது.

அவள் நிமிர்ந்தாள். வேணி அக்கா முக்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். புத்தகத்தைப் பார்க்கவில்லை. செல்வியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

"சூப்பர்க்கா."

"நெசமாவா? கடைசிப் பக்கம்?"

"அதுவும்... சூப்பர்."

"அப்பாடா!" அக்கா கழுத்தைத் தேய்த்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார். "அந்த ஒரு படத்தை மட்டும் ஆறு தடவை வரைஞ்சேன். திங்கக்கிழமை காலையில அச்சுக்கு அனுப்பணும். மூவாயிரம் புத்தகம் போடுறாங்க. அதுல முந்நூறு நம்ம பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போகுது. சமயநல்லூர் பக்கம் எல்லாம் ஆடு மாடு வளக்குற பிள்ளைகதான? ஆட்டுக் கதையை அவங்கதான் மொதல்ல படிக்கணும்னு நான்தான் கேட்டு வாங்கினேன்."

செல்வி புத்தகத்தை மெதுவாக மூடினாள். அதற்குப் பிறகு அவள் அங்கே அதிக நேரம் இருக்கவில்லை.

இரவு சாப்பிடும்போது அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் இருந்த சின்னப் பாட்டிலைத் திறந்தார். அப்பா உடனே தன் தட்டை இழுத்துக்கொண்டார்.

"எனக்கு வேணாம். போன தடவை தொட்டதுக்கே இன்னும் தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கேன்."

அது வேணி அக்கா போட்ட ஊறுகாய். ஒரு பிடி உப்பு போட வேண்டிய இடத்தில் நாலு பிடி போட்டிருந்தார்.

"அம்மா, உப்பு கூடன்னு நீங்க ஏன் அக்காகிட்ட சொல்லல?" என்று செல்வி கேட்டாள்.

"எப்படிடி சொல்றது? அந்தப் பிள்ளை ஆசை ஆசையாக் கொண்டாந்து குடுத்துச்சு. பிரமாதம்னு சொல்லிட்டேன்."

"அதான், அடுத்த வாரமே இம்புட்டுப் பெரிய பாட்டில் வந்துச்சு," என்று அப்பா கையை விரித்துக் காட்டினார்.

செல்வி அலமாரியைப் பார்த்தாள். அந்தப் பெரிய பாட்டில் அங்கே கழுத்துவரை நிறைந்து நின்றது.

பிரமாதம் என்றால், இன்னும் பெரிதாக வரும். சூப்பர் என்றால்?

மூவாயிரம் பொட்டு. ஒவ்வொரு பொட்டுக்கும் மேல்பல். முந்நூறு புத்தகங்களை ஆடு வளர்க்கும் பிள்ளைகள் திறப்பார்கள். திறந்ததும் சிரிப்பார்கள். ஆனால் அக்கா நினைக்கிற இடத்தில் சிரிக்க மாட்டார்கள்.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை காலையில் செல்வி மாடிக்குப் போனபோது, அக்கா பெரிய படங்களை அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

செல்வி கதவருகிலேயே நின்றாள். என்ன சொல்வது என்று படியேறும்போது யோசித்து வைத்திருந்தாள். இப்போது அது எதுவும் நினைவில் இல்லை.

"அக்கா, ஆடு கடிச்சா வலிக்குமா?"

"கடிச்சா வலிக்கத்தான செய்யும்? ஏன், உன்னைக் கடிச்சிருச்சா?"

"இல்ல. முன்பல்லு கடிச்சா ரொம்ப வலிக்காது. கடவாய்க்கிட்ட வெரல் போனாத்தான் வலிக்கும்."

"அது ஏன் அப்படி?"

செல்வி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஆட்டுக்கு முன்னாடி மேல பல்லு கிடையாதுக்கா."

அக்காவின் கையிலிருந்த நூல் அப்படியே நின்றது. பிறகு அவர் கட்டை அவிழ்த்து, கடைசிப் படத்தை வெளியே எடுத்து மேசையில் வைத்தார்.

"கிடையாதா?"

"கீழ மட்டும்தான் இருக்கும். மேல வெறும் ஈறு."

"நான் அம்புட்டுப் போட்டோ பாத்தேனே! நிக்கிற ஆடு, ஓடுற ஆடு, மரத்துல கால் வச்சுத் தழை திங்கிற ஆடு..."

"வாயைத் தொறந்த ஆடு?"

அக்கா யோசித்தார். "இல்ல."

"அப்ப இந்தப் பல்லை எதைப் பாத்துக்கா வரைஞ்சீங்க?"

அக்கா மேசைமேல் இருந்த கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் யார் முகத்தை வரைஞ்சாலும் மொதல்ல கண்ணாடியில என் முகத்தைப் பாத்துக்குவேன். பொட்டு முறைக்கிற பக்கத்துக்கு நான் முறைச்சேன். கொட்டாவி விடுற பக்கத்துக்குக் கொட்டாவி விட்டேன். சிரிக்கிற பக்கத்துக்கு..."

இருவரும் படத்தின் மேல் குனிந்தார்கள். பொட்டுவின் மேல்வரிசையில் இடதுபக்கப் பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் லேசாக ஏறியிருந்தது.

செல்வி மெதுவாகத் தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தாள். அக்கா சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அய்யய்யோ! என் பல்லு!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். செல்விக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் அக்கா முதலில் சிரிப்பை நிறுத்தினார்.

"நேத்து சூப்பர்னு சொன்னியே?"

செல்வி கால் கட்டைவிரலைப் பார்த்தாள். "நீங்க என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. சொல்ல வரல."

அக்கா சன்னல் அருகில் போய் நின்றார்.

"இது கதைதான செல்வி?" என்றார் பிறகு. "ஆடு போட்டோவுக்கு நிக்கிறதே கதைதான். ஆடு சிரிக்கிறதும் கதைதான். அப்ப பல்லு மட்டும் எதுக்கு நெசமா இருக்கணும்?"

அது நல்ல கேள்வி என்று செல்விக்குத் தோன்றியது. அவள் அதை உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள்.

"ஆடு சிரிக்கும்னு எங்க மாமாகூட நம்பிருவாரு. ஆனா அவரு எந்த ஆட்டைப் பாத்தாலும் மொதல்ல வாயைத்தான் தொறந்து பாப்பாரு. சமயநல்லூர்ப் பிள்ளைகளும் அப்படித்தான். பல்லைப் பாத்ததும் அவங்க கதையை விட்டுருவாங்க. அதுக்கப்புறம் பொட்டு சிரிக்கிறதை யாரும் பாக்க மாட்டாங்க."

அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தார். தைலக் குப்பியைத் திறந்து கழுத்தில் தேய்த்தார். இரண்டு தடவை தேய்த்தார்.

"மத்த எல்லாப் பக்கமும் இந்த ஒரு பக்கத்துக்காகத்தான் செல்வி. மேல பல்லு இல்லாம ஒரு ஆடு எப்படிச் சிரிக்கும்?"

"தெரியலக்கா. கேட்டுப் பாக்கலாம்."

"யாருகிட்ட?"

"ஆட்டுக்கிட்டதான்."

மாமா வீட்டுக்குப் போய்வர அம்மா இரண்டு நிபந்தனைகள் போட்டார். தலைக்கவசம் போட வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். முதலாவதை மட்டும் அவர்கள் காப்பாற்றினார்கள்.

அக்காவின் ஸ்கூட்டர் காளவாசல் சிக்னலில் நெடுநேரம் நின்றது. பரவை காய்கறி மார்க்கெட்டைத் தாண்டியதும் காற்று வந்தது. சமயநல்லூர்க் கடைத்தெருவைக் கடந்து கண்மாய்க்கரைப் பக்கம் திரும்பியபோது ஆட்டு வாசனையும் வந்தது.

"வாங்க மருமகளே!" என்று காளை மாமா வேலிக்கு உள்ளேயிருந்து கூப்பிட்டார். செல்வி கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். "இவுகதான் படம் வரையிறவுகளா? வாங்கம்மா. கயித்துக் கட்டில்ல உக்காருங்க. கையில இருக்கிறதை இறுக்கிப் பிடிச்சுக்கங்க. போலீஸ் வர்றான்."

வந்தது ஒரு கிடா. வீட்டுக்கு யார் வந்தாலும் பையை மோந்து சோதனை போடாமல் விடாது. அதனால் மாமா அதற்குப் போலீஸ் என்று பெயர் வைத்திருந்தார்.

அக்கா மாதிரிப் புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார். மாமா அதை வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"காதுகுத்து வீட்டுல ஒரு கிடா முன்வரிசையில வந்து நிக்குதா? பயலுக்குத் தைரியம்தான். எங்க ஊருல போட்டோவுல இருக்காது, பந்தியிலதான் இருக்கும்."

"இது சைவப் பந்திங்கண்ணே," என்றார் அக்கா அவசரமாக. "அதுக்குத்தான் சாம்பார் வாளி வரைஞ்சிருக்கேன்."

மாமா கடைசிப் பக்கத்துக்கு வந்தார். ஒரு நொடி உற்றுப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இது என்ன, ஆட்டுக்குப் பல்செட்டு மாட்டி விட்டிருக்கு!"

அக்காவின் முகம் சுருங்கியது.

"மாமா!" என்றாள் செல்வி. "அதைச் சரி பண்ணத்தான் வந்திருக்கோம். போலீஸோட வாயைத் தொறந்து காட்டுங்க."

மாமா சிரிப்பை அடக்கிக்கொண்டார். கிடாவைக் கால்களுக்கு நடுவே நிறுத்தி, உதட்டை விலக்கினார்.

"இந்தா பாருங்கம்மா. கீழ எட்டுப் பல்லு. நடுவுல ரெண்டு மட்டும் பெருசா இருக்கா? ரெண்டு பல்லு போட்ட கிடான்னு சொல்லுவோம். ஒண்ணரை வயசு. சந்தையில வயசைக் கேக்கவே மாட்டோம். பல்லைப் பாத்தாப் போதும்."

"மேல?"

"தொட்டுப் பாருங்க."

அக்கா தயங்கித் தயங்கி ஒரு விரலை நீட்டினார். "அழி ரப்பர் மாதிரி இருக்கு!"

அவர் கட்டிலில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். பெரிய பல் இரண்டையும் வரைந்தார். இருபுறமும் மூன்று மூன்று சின்னப் பல் வரைந்தார். மேலே ஈறு வரைந்தார். பிறகு சிரிப்பை வரையப் பார்த்தார்.

முதல் படத்தில் பொட்டுக்குப் பல்வலி வந்தது போல இருந்தது. இரண்டாவதில் புல் தின்பது போல இருந்தது. மூன்றாவதைச் செல்விக்குக் காட்டாமலே கிழித்துவிட்டார்.

"வாயை மட்டும் தொறந்தா சிரிப்பு வரல செல்வி. எல்லாமே மேல்பக்கத்துலதான் இருக்கு."

செல்வி வேலியோரம் நின்று ஆடுகளைப் பார்த்தாள். மேல்பக்கம். மேலுதடு. எங்கேயோ பார்த்திருக்கிறாள். ஒரு கிடா தலையைத் தூக்கி, உதட்டைச் சுருட்டிக்கொண்டு...

"மாமா! கிடா எதையோ மோந்துட்டு உதட்டை மேல தூக்குமே, அது எப்ப?"

மாமா தலையைச் சொறிந்தார். "அது பொட்டை ஆடு மூத்திரம் பேஞ்ச எடத்தை மோந்தா தூக்கும்."

"ஐயோ, அதை நான் புத்தகத்துல எப்படி வரைவேன்?" என்று அக்கா கேட்டார்.

செல்விக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "வேற எதுக்கும் தூக்காதா மாமா?"

"பழக்கமில்லாத வாசனை வந்தா சிலது தூக்கும். இவன் தூக்குவானான்னு எனக்குத் தெரியாது."

செல்வி சுற்றிலும் பார்த்தாள். அக்காவின் தலையில் பூ இருந்தது. "ஒரு துண்டு குடுங்கக்கா." வாங்கிப் போலீஸின் மூக்கருகில் நீட்டினாள். போலீஸ் மோந்தது. பிறகு பூவைத் தின்றது. மீதி எங்கே என்று அக்காவின் தலையைப் பார்த்தது.

"வேற என்ன இருக்கு?" என்று அக்கா சடையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"உங்க தைலம்!"

கைக்குட்டையில் இரண்டே சொட்டு. செல்வி அதைக் கொஞ்சம் தள்ளியே பிடித்தாள். போலீஸ் சோதனைக்கு வந்தது. மோந்தது. ஒரு தும்மல் போட்டது. ஒரு அடி பின்னால் வைத்தது. மறுபடி வந்து மோந்தது.

பிறகு தலையை வானத்தைப் பார்த்துத் தூக்கியது. மேலுதடு சுருண்டு மூக்கு வரை ஏறியது. கண்கள் பாதி மூடின. ஒரு பல்கூட இல்லாத மேல் ஈறு முழுவதும் தெரிந்தது. கீழே இரண்டு பெரிய பற்களும் ஆறு சின்னப் பற்களும் எட்டிப் பார்த்தன.

உலகத்திலேயே பெரிய நகைச்சுவையைக் கேட்டது போல இருந்தது அந்த முகம்.

"அப்படியே இருடா, அப்படியே இரு," என்று அக்கா முணுமுணுத்தார். பென்சில் ஓடியது.

போலீஸ் இன்னும் இரண்டு தடவை அப்படிச் செய்தது. நாலாவது தடவை அலுத்துப்போய் வேலியோரம் போய் நின்றுகொண்டது. அதற்குள் அக்காவின் நோட்டில் பதினொரு முகங்கள் இருந்தன.

மாமா எட்டிப் பார்த்தார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "அட, நம்ம பய!" என்றார்.

அக்கா நோட்டை மூடப் போனார். பாதியில் நிறுத்தினார்.

"ஆனா செல்வி, கதையில தைலம் எங்க இருந்து வரும்? போட்டோக்காரருக்குக் கழுத்துவலின்னு வைக்கவா?"

செல்வி யோசித்தாள். காதுகுத்து வீடு. பந்தல். வாசலில் ஒரு மேசை. சந்தனம், கற்கண்டு...

"பன்னீர்க்கா! உள்ள வர்றவங்க மேல தெளிப்பாங்கல்ல? அது பொட்டு மூக்குல பட்டுச்சுன்னா?"

அக்கா கட்டிலிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். கட்டில் அவரோடு சேர்ந்து ஒரு முறை ஆடியது.

"கடைசிக்கு முன்பக்கத்துல பன்னீர்! யாரோ தெரியாம ஆட்டுறாங்க. ஒரு சொட்டு பறந்து வருது. அங்கயே நிறுத்திரணும். பக்கத்தைப் புரட்டினா..."

"பொட்டு!"

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மாடியில் வேலை நடந்தது. கடைசி இரண்டு படங்களையும் அக்கா புதிதாக வரைந்தார். பொட்டுவின் முகத்தை நடுவில் வைக்காமல் வலதுபக்கம் தள்ளி வைத்தார். நடுவில் இருந்தால் புத்தகத்தின் மடிப்பு மூக்கை விழுங்கிவிடுமாம்.

முதல் தாள் வீணாகிவிட்டது. கறுப்பு காய்வதற்குள் அவசரப்பட்டு ஈறுக்கு இளஞ்சிவப்பு வைத்ததில், இரண்டும் கலந்து ஓடின. அடுத்த தாளில் ஒவ்வொரு வண்ணத்துக்குப் பிறகும் செல்வி, "இருங்க, காயட்டும்," என்று சொல்லி விசிறியால் வீசினாள். அக்கா தூரிகையைப் பிடித்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பக்கத்தில் இருந்த கண்ணாடியை யாரோ சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள்.

விளக்குப் போடும் நேரத்தில் படம் முடிந்தது. அக்கா முக்காலியின் நுனிக்கு வந்தார். செல்வியின் முகத்தைப் பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

செல்வி படத்தின் அருகில் போய், விரல் படாமல் எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"கீழ ஒம்பது பல்லு இருக்குக்கா."

"என்னது!"

அக்காவும் எண்ணினார். ஒன்பதுதான். ஓரத்தில் இருந்த ஒன்றைக் கறுப்பால் மூடினார்.

"இப்ப?"

"இப்ப எட்டு. போலீஸைவிட இது நல்லாச் சிரிக்குது."

அக்கா தூரிகையைக் கழுவினார். வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினார்.

நான்கு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை, சமயநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு புத்தகம் கொடுப்பதற்கு முன் கதையைப் படித்துக்காட்ட வேணி அக்கா வந்திருந்தார். புத்தகத்தைப் பிடித்துப் பக்கம் புரட்டுவது செல்வியின் வேலை.

போட்டோக்காரரின் குட்டிக்கரணத்துக்குச் சிரித்தார்கள். போட்டோக்காரரின் குட்டிக்கரணத்துக்குச் சிரித்தார்கள். பன்னீர்ச் சொட்டு பறந்து வந்தபோது அறை அமைதியாகிவிட்டது.

செல்வி பக்கத்தைப் புரட்டினாள்.

"ஹே!" என்று ஒரு சத்தம் எழுந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் உதட்டை மேலே சுருட்டி, தலையைத் தூக்கி, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பின்வரிசையும் அப்படியே செய்தது. அறை முழுவதும் கிடாக்கள்.

ஒரே ஒரு சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. இரண்டாம் வகுப்பு அஸ்வினி. எழுந்து முன்னால் வந்தாள். புத்தகத்துக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனாள். பொட்டுவின் வாயில் விரலை வைத்தாள்.

அக்காவின் கை செல்வியின் தோளை இறுக்கியது.

அஸ்வினி மேலே பார்த்தாள். கீழே பார்த்தாள். விரலால் ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு பெரிய மனுஷி போலத் தலையாட்டினாள்.

"ரெண்டு பல்லு போட்ட கிடா. யாரு வீட்டுது? எங்க அப்பா இப்படித்தான் ஒண்ணு தேடிக்கிட்டு இருக்காரு."

செல்விதான் அக்காவைக் காட்டிப் பதில் சொன்னாள்.

"இதைக் குடுக்க மாட்டாங்க. இவங்க வீட்டு ஆடு."